கோணையன் தின்றால் வீதிக்கு ஏப்பம்

கிணற்றடி வீதியில் ஒருவருக்கும் பசிக்காமல் போன அந்த மத்தியானம், தறிக்குடோனில் ஆண்கள் தூக்குப்போசியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தார்கள், தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் பாலுக்கு அழாமல் தங்கள் விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தன, கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்தவர்கள் போல வீதி முழுக்க ஒரே நேரத்தில் ஏப்பம் விட, அந்தச் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் தின்றது செரிக்கவில்லையாக்கும் என்று ஆளாளுக்கு வயிற்றைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். மயிலாத்தாளுக்கு மட்டும்தான் மனசு விட்டுப் போனது, ஏனென்றால் அன்றைக்கு அவள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள்.

மயிலாத்தாளின் அடுப்புக்கு அந்த வீதியில் இருந்த மரியாதை கோயில் பூசாரிக்குக்கூட இருந்ததில்லை. தறி ஓட்டிவிட்டு வருகிறவன் தன் வீட்டுக்குப் போகுமுன் அவள் வாசலில் நின்று என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுத்தான் போவான், பிள்ளை பெற்றவளுக்கு அவள் கைப் பத்தியச் சோறுதான் தொண்டையில் இறங்கும், யார் வீட்டுக்கு ஒறம்பரையென்று விருந்தாள் வந்தாலும் ஒரு கிண்ணம் அவள் வீட்டுக்குக் காலியாக வந்து நிறைந்து திரும்பிப் போகும். யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குப் புளி தூக்கலாக வேண்டும், யார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டுவார்கள் என்று எல்லார் நாக்கும் அவளுக்கு அத்துப்படி. ஊர் தின்பதைப் பார்த்தபடி கரண்டியோடு நிற்கிற நேரத்தில்தான் தான் உயிரோடு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றும். அது அவள் புருஷன் நாச்சிமுத்துவுக்குக்கூடத் தெரியாது. அவன் தின்றுவிட்டு எழுந்து கை கழுவுகிற ஆள்.

அந்த நாச்சிமுத்துவே அன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஏனுங்க, கொழம்பு புடிக்கலீங்களா?"

"கொழம்புக்கு என்ன அம்மிணி, நல்லாத்தான் மணக்குது. வகுறுதான் நெறஞ்சு கெடக்குது."

"காலைல ரெண்டு இட்லி உண்டவருக்கு எப்பிடி நெறஞ்சுது?"

"அதானே தெரியல" என்று சொல்லிவிட்டு அவன் ஏப்பம் விட்டான், அதுவும் நெய் மணக்க. அவள் வீட்டில் நெய் தீர்ந்து வெகு நாளாகியிருந்தது.

இது ஏன் நடந்தது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கே ஆரம்பித்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அடைகாக்கிற கோழி ஒருத்தியுடையது, முட்டை இன்னொருத்தியுடையது என்றால், பொரித்த குஞ்சுகளைப் பாதிக்குப் பாதி வாரம் பிரித்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். குஞ்சுகளின் மேல் கவிழ்த்த மூங்கில் கொடாப்பைத் தூக்கிவிட்டுக் கோழிக்காரி ஒன்று, முட்டைக்காரி ஒன்று என்று மாற்றி மாற்றி எடுப்பார்கள், கைக்கு வந்த பிறகு திருப்பிக் கொடுக்கிற பேச்சே கிடையாது. கோழி மயிலாத்தாளுடையது. முட்டை அடுத்த வீட்டுச் சுகுணாவுடையது, அவள் கல்யாணமாகி வந்து அதிக நாளாகாத, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பெண். பொரித்த குஞ்சுகளில் ஒன்றுக்கு மேலலகு ஒரு பக்கமும் கீழலகு மறுபக்கமும் கத்தரிக்கோல் விரிந்த மாதிரி மாறிக் கிடந்ததை மயிலாத்தாள் விடிகாலையிலேயே பார்த்துவிட்டாள், பார்த்ததும் ஈரத் தவிட்டை எடுத்து அந்த அலகு தெரியாதபடி அப்பி விட்டாள். சாயங்காலம் பிரிக்கும்போது நல்லதாகப் பார்த்துத் தான் எடுத்துக்கொண்டு, கடைசிக் குஞ்சைச் சுகுணாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடியும் விட்டாள். "தீனி தின்ன அலகோடயே வருது பாரு, இதுதான் பொழைக்கிற குஞ்சு" என்று ஒரு வார்த்தை வேறு.

சுகுணா வீட்டுக்குப் போய்த் தவிட்டைக் கழுவியிருப்பாள், பார்த்திருப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் மயிலாத்தாள் சண்டைக்குத் தயாராக நின்றாள், அவள் இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லலாம், அப்படிக் கேட்டால் அப்படிச் சொல்லலாம் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். சுகுணா வரவே இல்லை. மயிலாத்தாளுக்கு முதல் எரிச்சல் அங்கேதான் பற்றியது.

"கழுத்தத் திருகிப் போடு, அதுக்கும் அவஸ்தை, உனக்கும் அவஸ்தை" என்று சுகுணாவின் புருஷன் தனபால் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. சுகுணா கம்பு மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குஞ்சால் தரையில் கிடக்கிற தீனியைக் கொத்த முடியாது, கொத்தினால் அலகு இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போய் மண்தான் தெறிக்கும். அதனால் அவள் மாவைத் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து ஆழமான கொட்டாங்குச்சியில் நிரப்பி, குஞ்சின் நெஞ்சு உயரத்துக்குச் செங்கல் மேல் வைத்துப் பார்த்தாள். பாதி போய் மீதி சிந்தியது. பிறகு மடியில் துணி விரித்து அதை உட்கார வைத்து, மிளகு அளவுக்கு உருண்டை பிடித்து, அலகு விலகியிருக்கிற பக்கமாகச் சுண்டுவிரலால் உள்ளே தள்ளி, அது விழுங்குகிற வரைக்கும் தொண்டையை மெதுவாகத் தடவி, சொட்டு மருந்துக் குப்பியால் தண்ணீர் விட்டு, அலகில் காய்ந்து ஒட்டியதை வெந்நீர்த் துணியால் துடைத்து, நீண்டு வளைந்த நுனியை நகவெட்டியால் கொஞ்சமே கொஞ்சம் நறுக்கி, இப்படியாக ஒரு வேளைத் தீனிக்கே அரைப்பொழுது ஆனது. முடித்து எழுந்திருக்கும்போது அடுத்த வேளை வந்துவிடும். வீதிப் பிள்ளைகள் குஞ்சுக்குக் கோணையன் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கோணையன் பிறந்ததிலிருந்து முதன்முறையாகத் தீனிப்பை புடைக்கத் தின்ற மத்தியானம்தான், நான் முதலில் சொன்ன மத்தியானம்.

குஞ்சால்தான் வயிறு நிறைகிறது என்று வீதி கண்டுபிடிக்க ஒரு வாரம் பிடித்தது. ஒருநாள் சுகுணாவுக்குத் துணி துவைக்கிற வேலை இழுத்துக்கொண்டு குஞ்சுக்குத் தாமதமாகிவிட, வீதி முழுக்கப் பசியில் முறுக்கியது, அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உருண்டை ஊட்ட ஊட்ட ஒவ்வொரு வீடாக முகம் தெளிந்தது. தனபால் அதைத் தறிக்குடோனில் போய்ச் சொன்னான். சரி, அப்படியா, என்று கேட்டுக்கொண்டார்கள். மழை பெய்தால் குடை எடுக்கிற மாதிரி அதற்குத் தகுந்தபடி நடக்கவும் ஆரம்பித்தார்கள். தறி முதலாளி திருமூர்த்தி மத்தியான இடைவேளையை எடுத்துவிட்டார். பெண்கள் அடுப்பை மூடி அதன்மேல் துணி மடித்து வைத்தார்கள், மிக்சி மேல் தூசி படிந்தது, ரேசன் அரிசியில் வண்டு விழுந்தது, முக்கு டீக்கடைக்காரர் இரண்டு நாள் திட்டிவிட்டுச் செருப்புத் தைக்கிற நூலும் ஊசியும் விற்க ஆரம்பித்தார். ஒறம்பரை வந்தவர்கள் வீதி முனை தாண்டியதும் வயிறு நிறைந்துபோய், வந்த காரியத்தை மட்டும் பேசிவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்த வீதிக்காரர்கள் இங்கே வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தார்கள். கம்பும் ராகியும் முட்டை மஞ்சளும் சுகுணா வாசலில் வந்து குவிந்தன, பருந்து பார்க்கவும் பூனை விரட்டவும் முறை வைத்துக்கொண்டு ஆள் நின்றார்கள். கோணையன் என்று சொன்னால் பெரியவர்கள் பிள்ளைகளின் வாயில் அடித்தார்கள். இப்போது அதன் பெயர் சின்னவரு.

"சின்னவரு உண்டாச்சுங்களா?" என்று திருமூர்த்தியே புல்லட்டை நிறுத்திச் சுகுணாவைக் கேட்டுவிட்டுப் போவதை மயிலாத்தாள் சன்னல் வழியாகப் பார்த்தாள். முன்பெல்லாம் அந்தப் புல்லட் அவள் வாசலில்தான் நின்றது.

வயிறு எரிந்தது என்று சொன்னால் அது வெறும் பேச்சுக்குச் சொல்வதாகத் தோன்றும். மயிலாத்தாளுக்கு நிஜமாகவே எரிந்தது, ஏனென்றால் அந்த வீதியில் அவளுக்கு மட்டும் பசித்தது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான். குஞ்சு தின்றதும் வீதியெல்லாம் ஏப்பம் விடும்போது அவள் வயிறு மட்டும் காலிப் பானையாகக் கிடந்து கத்தும். இதை வெளியில் சொல்ல முடியுமா? சொன்னால் ஏன் உனக்கு மட்டும் என்று கேட்பார்கள், கேட்டால் தவிடு அப்பியது வரைக்கும் பேச்சு போகும், மனசு சரியில்லாதவளுக்குச் சின்னவரு கொடுக்கமாட்டார் என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும், ஊரே அதையே சொல்லும். அதனால் மற்றவர்கள் ஏப்பம் விடும்போது அவளும் ஒரு பொய் ஏப்பம் விட்டாள். பிறகு சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே, அள்ளி அள்ளித் தின்றாள்.

சமைப்பதையும் அவள் விடவில்லை. வீறாப்பாகச் சமைத்தாள். கொள்ளுப்பருப்பு கடைந்தாள், பச்சைப்புளி ரசம் வைத்தாள், அரிசிம்பருப்புச் சாதத்துக்குச் சின்ன வெங்காயம் தாளித்து அந்த வாசனையை வேண்டுமென்றே சன்னல் வழியாக விட்டாள். ஒரு கிண்ணமும் வரவில்லை. காக்காய்கள் மட்டும் வந்தன, எச்சில் இலை விழுகிற வீடு வேறு இல்லாததால் வீதிக் காக்காய்கள் மொத்தமும் அவள் ஓட்டின் மேல் உட்கார்ந்து கத்தின. மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் கொட்டும்போது அவளுக்கு அழுகை வந்தது. தன் பங்குக்கு எடுத்த நல்ல குஞ்சுகளைப் பிடித்து மடியில் வைத்து, சுகுணா செய்கிற மாதிரியே உருண்டை பிடித்து ஊட்டிப் பார்த்தாள். அவை அவள் விரலைக் கொத்திவிட்டு இறங்கி ஓடின, யாருக்கும் ஏப்பம் வரவில்லை.

ஒருநாள் வீதியில் நின்று கேட்டே விட்டாள். "அடைகாத்தது யாரு கோழி? என்ற கோழி. சின்னவருல எனக்கும் பாதி இருக்குதில்ல?"

"வாரம் பிரிச்சாச்சுங்களே மயிலக்கா" என்று தனபால் பணிவாகவே சொன்னான். "உங்க கையாலதான குடுத்தீங்க. இதுதான் பொழைக்கிற குஞ்சுன்னு சொல்லித்தான் குடுத்தீங்களாமா."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சுகுணா சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள், அது சிரித்ததைவிட மோசமாகச் சுட்டது. அதோடு மயிலாத்தாள் அவளிடம் பேச்சை நிறுத்தினாள். பேச்சைத்தான் நிறுத்தினாளே தவிர, பார்ப்பதை நிறுத்தவில்லை. சுகுணா எப்படி நடக்கிறாள், யார் யார் அவளுக்கு வழி விடுகிறார்கள், என்ன சேலை என்று எல்லாம் பார்த்தாள். அவள் இடுப்பு வற்றி, கன்னம் ஒட்டி, கண் பெரிசாகித் தெரிந்ததையும் பார்த்தாள். பேர் வந்ததும் சினிமாக்காரி மாதிரி உடம்பை இளைத்துக்கொள்கிறாள் பாரு என்று நினைத்து, அதற்கும் சேர்த்து ஒரு மூச்சு எரிந்தாள்.

அப்படி இருக்கும்போது, சுகுணாவின் அம்மா வழுக்கி விழுந்து கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் குஞ்சைக் கொண்டுபோக முடியாது. நான் வைத்துக்கொள்கிறேன், நான் வைத்துக்கொள்கிறேன் என்று வீதி அவள் வாசலில் முண்டியது, திருமூர்த்தி தன் வீட்டு ஏசி ரூமைத் தருவதாகச் சொன்னார். சுகுணா கூடையை எடுத்துக்கொண்டு நேராக மயிலாத்தாள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, ரெண்டு நாள் பாத்துக்கோங்க. இந்த வீதில வகுறு அறிஞ்சு போடறது நீங்கதானுங்க."

குத்திக்காட்டுகிறாளா என்று மயிலாத்தாள் அவள் முகத்தைத் தேடிப் பார்த்தாள். அப்படி ஒன்றும் தெரியவில்லை, களைப்புத்தான் தெரிந்தது. கூடையை வாங்கி வைத்துக்கொண்டாள். பஸ் போன சத்தம் கேட்டதும் கூடையைச் சமையல்கட்டு மூலையில் வைத்து, அதன்மேல் கொடாப்பைக் கவிழ்த்தாள். தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டாள், செத்துப்போனால் பழி வருமே என்று. தீனி கொடுக்கவில்லை.

வீதிக்குப் பசித்தது. வெகுநாள் கழித்துப் பசித்ததால் அது எங்கிருந்து வருகிறது என்றுகூட முதலில் பலருக்குப் புரியவில்லை, சிலர் பல்வலி என்றார்கள், சிலர் யார் மேலென்று தெரியாமல் கோபப்பட்டார்கள். அடுப்பைத் திறந்தால் பல்லி ஓடியது, சிலிண்டர் காலி, அரிசி முழுக்க வண்டு. மறுநாள் காலையில் வீதியே மயிலாத்தாள் வாசலில் நின்றது.

"சின்னவரு உண்ணலீங்களா அக்கா?"

"நானும் ஊட்டறேன், எறக்க மாட்டீங்குது. பழக்கமில்லாத கையில்ல" என்றாள் மயிலாத்தாள், கண்ணை இமைக்காமல். "அதுக்குன்னு நீங்க பட்டினி கெடப்பீங்களா? நான் எதுக்கு இருக்கறேன்?"

ஐயோ, அந்த நிமிஷத்துக்காக அவள் எவ்வளவு ஏங்கியிருந்தாள். வாசலிலிருந்து கிணறு வரைக்கும் பாய் விரித்து இலை போடச் சொன்னாள், பெரிய குண்டாவைப் பரணிலிருந்து இறக்கினாள். கத்தரிக்காய்க் குழம்பு, கொள்ளுரசம், பொரியல், அப்பளம். மத்தியானத்துக்கு வீதி முழுக்க உட்கார்ந்தது, திருமூர்த்தி தறியை நிறுத்திவிட்டுக் கடைசி இலையில் உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போனபோது எல்லார் கண்ணும் ஒரு விநாடி சொக்கியதை மயிலாத்தாள் கரண்டியோடு நின்று பார்த்தாள். "இந்த ருசியையா மறந்து கெடந்தோம்" என்று ஒருவர் சொன்னார். நாச்சிமுத்து குழம்புக்கு மறுபடியும் கை காட்டினான். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

ரசம் எடுக்க உள்ளே போனாள். சமையல்கட்டு அமைதியாக இருந்தது. காலையெல்லாம் கீச்சுக் கீச்சென்று உயிரை வாங்கியது இப்போது கத்தவில்லை. கத்தாவிட்டால் நல்லதுதான் என்று ரசச் சட்டியைத் தூக்கினாள், இரண்டு அடி நடந்தாள், சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொடாப்பைத் தூக்கினாள்.

குஞ்சு பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. நெஞ்சுக்கு மேல் தீனிப்பை இருக்கிற இடம் வற்றிப் பள்ளமாகியிருந்தது. அவள் நிழல் விழுந்ததும் அது தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், அந்தக் கோணல் அலகை மட்டும் திறந்தது. அவள் யாரென்று அதற்குத் தெரியாது. பசிக்கிறது என்று மட்டும் தெரியும்.

மயிலாத்தாளுக்கும் பசி தெரியும். அந்த வீதியில் அவளைவிட யாருக்கும் அதிகமாகத் தெரியாது.

"சனியனே" என்றாள். "என்ற பந்தி நடக்கற நேரம்தான் கெடச்சுதா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே கம்பு மாவை எடுத்தாள், "தலைவாழை இலை போட்டு இன்னும் ரசம்கூட ஊத்தல" என்று சொல்லிக்கொண்டே கரைத்தாள், "நீ தின்னா அவிங்க எந்திரிச்சுப் போயிருவாங்க, தெரியுமா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே மடியில் துணி விரித்து உட்கார்ந்து உருண்டை பிடித்தாள். சுவர் வழியாக எத்தனையோ நாள் எரிந்து எரிந்து பார்த்ததில் எல்லாம் அவளுக்குப் பாடமாகியிருந்தது, எந்தப் பக்கமாகத் தள்ளுவது, எங்கே தடவுவது, எப்போது தண்ணீர் விடுவது என்று. முதல் உருண்டை வெளியே விழுந்தது. இரண்டாவது நின்று நின்று இறங்கியது. பொறாமை ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை, அது பாட்டுக்கு நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு ஊட்டியது.

வெளியே பேச்சு ஓய்ந்தது. பிறகு நாச்சிமுத்துவின் குரல் கேட்டது, "போதும்ப்பா, வகுறு நெறஞ்சுபோச்சு." ஒரு ஏப்பம். இன்னொரு ஏப்பம். இலை மடிக்கிற சத்தம், பாயிலிருந்து எழுகிற சத்தம், கிணற்றடியில் கை கழுவுகிற சத்தம். சின்னவரு உண்டுட்டாராட்டிருக்குது என்று யாரோ சந்தோஷமாகச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் தறி ஓட ஆரம்பித்தது. மயிலாத்தாள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் வடிய அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.

அப்போதுதான் புழக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு சுகுணா வந்தாள், பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக, கையில் பையோடு. மயிலாத்தாள் நிமிர்ந்தாள். மடியில் வாடிப்போன குஞ்சு, அதன் வற்றிய உடம்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

சுகுணா குஞ்சைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அடுப்பு மேல் பாதி மிச்சமிருந்த குழம்புக் குண்டாவில் நின்றது.

"அக்கா" என்றாள். "எனக்குக் கொஞ்சம் சோறு போடுங்க."

"என்ன புள்ள சொல்ற?"

"பசிக்குதுங்க்கா. முதல் நாள்ல இருந்து பசிக்குதுங்க. எல்லாத்துக்கும் நெறயுது, எனக்கு மட்டும் நெறய மாட்டீங்குது." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல. எனக்கொருத்திக்காக அடுப்புப் பத்த வெக்க, எங்க ஊட்டுல ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. வேகாத கம்ப வாயில போட்டு மென்னுக்கறதோட சரி. ஆஸ்பத்திரி அலைச்சல்ல அங்கயும் ஒண்ணும் உண்ணல. தெனமும் நீங்க தாளிக்கறது சொவரு தாண்டி வரும்ங்க. நீங்களும் பேசறதில்ல. எப்பிடிங்க்கா கேப்பேன்?"

மயிலாத்தாள் அந்த ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தாள். மாட்டுத் தொட்டியில் தான் கொட்டியதையெல்லாம் நினைத்தாள். குஞ்சைத் துணியோடு சுருட்டிக் கூடையில் வைத்தாள், கையைக் கழுவினாள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை போட்டாள்.

"ரெண்டாவது யாருக்குங்க்கா?"

"எனக்குத்தான். உக்காரு மொதல்ல."

சுகுணா ஒரு விநாடி அவளையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள், பிசையக்கூடப் பொறுமையில்லாமல் அள்ளினாள். கதவைச் சாத்தாமல், உட்கார்ந்து, மயிலாத்தாளும் தின்றாள்.

"எப்பிடி இருக்குது?" என்றாள் மயிலாத்தாள், கேட்காமல் இருக்க முடியாமல்.

"உப்புதானுங் கொஞ்சம் தூக்கல்" என்றாள் சுகுணா, வாய் நிறையச் சோற்றோடு.

மயிலாத்தாளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் ஒரு வாய் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. இவள் யார் சொல்வதற்கு என்று முகம் சிவக்கத் திரும்பினாள், திரும்பியவள் சுகுணாவின் இலை காலியாகியிருப்பதைப் பார்த்தாள், குண்டாவை இழுத்து இன்னொரு கரண்டி ஊற்றினாள்.